இளவேனிலும் எமது பிள்ளைகளும்

ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று அழைத்தார்கள் எமது முன்னோர்கள். எமது பிள்ளைகளும் இதனைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் கேட்டால் பிழையின்றி எழுதிப் புள்ளியும் பெறுவார்கள். ஆனால் அதே இளவேனில் எமது முற்றத்தில் வந்து நிற்கும்போது அவர்கள் அதனை அடையாளம் கண்டுகொள்கிறார்களா? பெற்றோராகிய நாமாவது கண்டுகொள்கிறோமா? கடந்த சித்திரை விடுமுறையில் எமது வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவமே இக்கேள்வியை எமக்குள் எழுப்பியது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாம் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு விவசாயக் கிராமத்தில் வாழும் கணவனும் மனைவியும். எமக்குப் பிள்ளைகள் மூவர். மனைவியின் தாயாரும் எம்முடன் இருக்கிறார். எமது வளவில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. பங்குனி பிற்பகுதியில் அது பூக்கத் தொடங்கினால், காலையில் எழுந்து பார்க்கும்போது முற்றம் முழுவதும் வெள்ளை விரித்தது போலக் கிடக்கும். அன்று எமது பத்து வயது மகன், சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டினான். கூட்டிக் குவித்த பூவைச் சருகோடு சேர்த்து நெருப்பு வைக்கப் போனபோது, அடுப்படிக்குள் இருந்த அம்மம்மா ஓடிவந்தார்.

"கொளுத்திப் போடாதை மோனை! அது குப்பையில்லை, வேப்பம்பூ. வடகத்துக்கு எடுக்கிறது."

மகன் எம்மை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, உங்களுக்கும் தெரியாதோ?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையில் அறிந்துகொள்ளவே கேட்டான். நாம் இந்த வளவில் 2010ஆம் ஆண்டு முதல் இருக்கிறோம். அத்தனை சித்திரையிலும் அந்தப் பூவை நாமே கூட்டிக் கொளுத்தி வந்திருக்கிறோம். அம்மம்மா அதுவரை கொழும்பில் மூத்த மகளுடன் இருந்தபடியால் எம்மைத் தடுப்பதற்கு ஆள் இருக்கவில்லை.

எமக்கு ஏன் தெரியாமற் போயிற்று?

அன்றிரவு நாம் இருவரும் இதைப்பற்றி நெடுநேரம் கதைத்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓர் இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது எமக்கும் ஏறத்தாழ எமது மகனின் வயதுதான். அதன் பின்னர் தென்மராட்சி, வன்னி என்று இடம் மாறினோம். ஒரு மரத்தை அது பூத்துக் காய்த்துப் பழுக்கும் வரையில் இருந்து பார்க்க எமக்கு வாய்க்கவில்லை. எமது இளம் வயதில் மரம் என்றால் இருப்பதற்கு நிழல், எரிப்பதற்கு விறகு, பதுங்குகுழிக்கு மேல் அடுக்குவதற்குக் குற்றி. அதன் பெயரையும் பூவையும் சொல்லித்தர எமது பெற்றோருக்கு ஆறுதலான ஒரு மாலைப்பொழுது கிடைக்கவில்லை. அவர்களில் நாம் குற்றம் காணவில்லை. அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற மனிதர்கள் அவர்கள்.

இன்னுமொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி என்றால் எமது மக்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூவும் குயிலும் அல்ல. 2009ஆம் ஆண்டின் அந்த இரண்டு மாதங்களே நினைவுக்கு வரும். எமது வீட்டிலும் அந்நாட்களில் விளக்கேற்றுகிறோம். மே 18இல் கஞ்சி குடித்து நினைவுகூருகிறோம். எனவே, இந்த மாதங்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளக்கட்டிலும் பனங்கூடலிலும் மகிழ்ந்து திரிவது சரியா என்ற தயக்கம் எமக்குள்ளும் இருந்தது.

அதற்கு அம்மம்மாதான் விடை சொன்னார். அந்த நாட்களில் ஒரு மகனை இழந்தவர் அவர். "செத்ததுகளுக்காக அழுகிறது எங்கட கடமை. அதுக்காக இருக்கிற பிள்ளையளைப் பூட்டி வைச்சு வளக்கிறதே? அவன் இருந்தால் இப்ப மருமக்களைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சிருப்பான்" என்றார். இதற்கு மேல் நாம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நினைவுகூருவதும் மகிழ்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இழந்தவர்கள் வாழ்ந்த மண் எது, அவர்கள் ஏறிய மரம் எது, குளித்த குளம் எது என்று அறியாத பிள்ளை, அவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கப் போகிறது?

மூன்று வேலிகள்

எமது பிள்ளைகளுக்கும் இயற்கைக்கும் இடையில் நாமே மூன்று வேலிகளைப் போட்டிருக்கிறோம் என்பது எமது கருத்து.

முதலாவது அச்சம். இது காரணமில்லாத அச்சம் அல்ல. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி 2002 முதல் நடைபெற்று வருகிறது. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் அவற்றை முற்றாக அகற்றி முடிக்க வேண்டும். ஆகவே மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது, நிலத்திற் கிடக்கும் இரும்புப் பொருளைத் தொடக்கூடாது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். பாம்பும் உண்டு. காலில் செருப்பில்லாமல் பற்றைக்குள் போகக்கூடாது, இருட்டினால் ரோச் லைட் இல்லாமல் நடக்கக்கூடாது. கடித்துவிட்டால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இவற்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால், ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பது ஒன்று, எல்லா இடமும் ஆபத்து என்று சொல்லி வீட்டுக்குள் இருத்துவது வேறொன்று. எமது கிராமத்து நிலங்கள் சோதிக்கப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் தினமும் அங்கே விதைக்கிறோம், அறுக்கிறோம், மாடு கட்டுகிறோம். பிள்ளைகளை மட்டும் ஏன் மறிக்கிறோம்? நிலத்தில் இருந்த அச்சத்தை அகற்றிவிட்டார்கள். எமது மனத்தில் இருப்பதை நாமே அகற்ற வேண்டியுள்ளது.

இரண்டாவது வேலி படிப்பு. பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மரத்தடியில் இருந்து படித்தவர்கள் நாம். ஆனால் புத்தாண்டுக்குப் பள்ளிக்கூடம் பூட்டுகிற அந்தச் சில நாட்களிலும் காலையில் ஒரு ரியூஷன், மாலையில் ஒரு ரியூஷன் என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பெயரில் நான்காம் வகுப்பிலேயே அவர்களின் விடுமுறை பறிபோகிறது. அண்மைக் காலத்தில் நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆண்டுதோறும் இப்பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் ஒரு சிறு பகுதியினரே. மற்றப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தது என்ன? தோற்றுவிட்டோம் என்ற எண்ணமும் கையை விட்டுப் போன பத்து வயதுமே. சூழல் பற்றிய வினாத்தாளில் வேப்பமரத்தின் பயன்களை எழுதுகிற பிள்ளைக்குத் தன் முற்றத்தில் கிடக்கும் வேப்பம்பூ குப்பையாகத் தெரிந்தால், அந்தக் கல்வியில் ஏதோ குறையிருக்கிறது.

மூன்றாவது வேலி கைத்தொலைபேசி. இதைப்பற்றி நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமையும் எமக்குக் குறைவு. தோட்டத்தால் வந்து களைத்திருக்கும்போது பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று அதைக் கையில் கொடுத்தவர்கள் நாமே. பிடுங்கி எடுப்பதால் பயனில்லை என்பதையும் கண்டோம். அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டினால்தான் பிள்ளை தானாக அதைக் கீழே வைக்கும்.

அம்மம்மாவின் பாடம்

எனவே அந்த விடுமுறையில் பத்து நாட்கள் ரியூஷனை நிறுத்தினோம். ஆசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் முகம் சுளித்தார். "உங்கட இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அயலவர்களும் கேட்டார்கள். எமக்கே உள்ளூர ஒரு கலக்கம் இருக்கத்தான் செய்தது. மூத்த மகள் பதினொராம் வகுப்பை நெருங்குகிறாள். அவள் வீட்டிலேயே இரவில் இரண்டு மணித்தியாலம் படிப்பது என்று ஒப்புக்கொண்டாள்.

அம்மம்மா பழைய சேலையொன்றை மாலையிலேயே வேம்பின் கீழ் விரிப்பித்தார். காலையில் அதில் உதிர்ந்த பூவைப் பிள்ளைகள் அள்ளினார்கள். சருகையும் காம்பையும் சுளகில் புடைத்து நீக்கி, வெயிலில் காயவிட்டார்கள். உழுந்தை ஊறவைத்து அரைத்து, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு எல்லாம் சேர்த்து, காய்ந்த பூவையும் போட்டுக் குழைத்து, சிறுசிறு வடகங்களாகத் தட்டி ஓலைப்பாயில் வைத்தார்கள். காகத்தை விரட்டும் வேலை கடைக்குட்டிக்கு. அவளுக்கு வயது ஆறு. காகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், குயில் ஒன்று காகத்தின் கூட்டை நோட்டம் விடுவதை முதலிற் கண்டவளும் அவளே. குயில் தனக்கென்று கூடு கட்டாது, காகத்தின் கூட்டிலேயே முட்டையிடும் என்று சொன்னோம். கூவுவது கருநிறமான ஆண்குயில் என்பதும், உடலெங்கும் புள்ளி விழுந்த கபில நிறப் பறவைதான் பெண்குயில் என்பதும் எமக்கும் அன்றுதான் விளங்கியது. சிங்கள மக்களும் குயிலின் குரலைத்தான் புத்தாண்டின் அறிவிப்பாகக் கொள்கிறார்கள் என்று மூத்தவள் தன் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னாள்.

ஆறுமணிக்குருவியைப் பற்றியும் அம்மம்மா சொன்னார். காலையும் மாலையும் ஆறுமணியளவில் குரல் கொடுப்பதால் எமது மக்கள் அதற்கு இட்ட பெயர் அது. பல வர்ணங்கள் கொண்ட அழகான பறவை. மாரிகாலத்தை எம்மோடு கழித்துவிட்டு, சித்திரையோடு வடக்கே இந்தியாவுக்குப் பறந்துபோய் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஐப்பசியளவில் திரும்பி வரும். "அதுவும் இடம்பெயருகிறதோ?" என்று மகன் கேட்டான். ஆம், ஆனால் அதை ஒருவரும் துரத்துவதில்லை, தன் காலம் அறிந்து போகிறது, திரும்பியும் வருகிறது என்று சொன்னோம். அவன் அதன்பின் பல நாட்கள் மாலை ஆறுமணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அது போய்விட்டது போலும். ஐப்பசியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் தறிக்கப்பட்ட பனைகள் எண்ணிலடங்கா. 2010இல் மீளக்குடியேறியபோது எமது வளவின் எல்லையில் பனங்கொட்டைகளை நாட்டினோம். அவை வடலியாகி வளர்ந்தன. அவற்றில் ஒன்று இந்த ஆண்டு முதன்முதலாகப் பாளை விட்டது. பிள்ளைகள் நுங்கு என்று துள்ளினார்கள். தொழில் செய்யும் அயலவர் ஒருவர் வந்து பார்த்து, "இது ஆண்பனை தம்பி, காய்க்காது" என்றார். மகனுக்கு அழுகை வந்துவிட்டது. "அது இல்லாட்டி மற்றப் பனையளிலை காய் எங்காலை வாறது?" என்று அம்மம்மா கேட்டார். அந்த அயலவரே தன் வளவிலிருந்து ஒரு குலை நுங்கு இறக்கித் தந்தார். விரலால் தோண்டிக் குடிப்பது எப்படி என்று பழக்கினார். குடித்து முடித்த கோம்பைகளில் இரண்டைத் தடியிற் கோத்து வண்டில் செய்து கொடுத்தார். மீதிக் கோம்பையை மாடு தின்றது. இளம் ஓலையில் பிளா கோலிக் கருப்பநீர் வார்த்துக் கொடுத்தார். தன் தொழிலை இத்தனை ஆர்வத்தோடு ஒரு பிள்ளை கேட்டறிவது பல காலத்துக்குப் பின் இதுவே முதற்தடவை என்று அவர் சொன்னது எமக்கு வெட்கத்தைத் தந்தது.

சித்திரை வெயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கையின் உச்சிக்கு நேராக வருகிறது. தெற்கிலிருந்து தொடங்கி நடுப்பகுதியளவில் வடக்குக்கு வரும். ஆகவே காலை ஆறரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். நடுப்பகலில் மாநிழலில் இருந்து, புழுதியில் குழியானை தோண்டிய சிறு குழிகளுக்குள் எறும்பு விழுகிறதா என்று பார்ப்பார்கள். மாலையில் குளக்கட்டுக்குப் போவோம். பிற்பகலில் இடி முழங்கினால் வெளியே போவதில்லை. இந்த மாதத்தில் மின்னல் பொல்லாதது. ஒருநாள் அப்படி மழை பெய்து ஓய்ந்தபோது, நனைந்த புழுதியின் மணத்தில் மூன்று பிள்ளைகளும் முற்றத்திற் குதித்தார்கள். சித்திரை மாதத்துப் புழுதி பத்தரைமாற்றுத் தங்கம் என்று பழமொழி சொல்வார்கள். அதன் பொருளை அடுத்த நாள் தோட்டத்தில் உழவு நடக்கும்போது காட்டினோம்.

புத்தாண்டன்று மருத்துநீர் வைத்து நீராடினோம். கைவிசேஷம் கொடுத்தோம். வேம்பில் ஊஞ்சல் கட்டினோம். போர்த்தேங்காய் அடிப்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர் முன்வந்தார்கள். பதினைந்து வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அன்று பிற்பகல் முழுவதும் ஒரு கைத்தொலைபேசியும் எமது வளவில் ஒலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒலித்தது. ஆனால் எடுக்க ஆள் வரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. உழுந்தும் மிளகாயும்தான் வாங்கினோம். செலவானது எமது நேரம். தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அதுவே பெருஞ்செலவு என்பதை அறிவோம். தகப்பன் இல்லாத வீடுகளில் தாய்மார் தனித்துப் படும் பாட்டையும் அறிவோம். ஆகவேதான் இதனை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் தனித்தனியே சுமத்தாமல், ஊராகச் செய்ய வேண்டும் என்கிறோம்.

முதலாவதாக, சித்திரை விடுமுறையில் ஒரு வாரமாவது ரியூஷன் வகுப்புகளை நிறுத்துவதற்குப் பெற்றோர் ஒன்றுகூடி ஆசிரியர்களோடு பேச வேண்டும். ஒரு வீடு நிறுத்தினால் அந்தப் பிள்ளை பின்தங்கும் என்ற பயம் வரும். ஊர் முழுவதும் நிறுத்தினால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இரண்டாவதாக, மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ முன்பள்ளியோ வாரத்தில் ஒரு காலை, பத்துப் பிள்ளைகளை ஊர் முதியவர் ஒருவரோடு அனுப்பலாம். மரத்தின் பெயர், பழத்தின் பெயர், குருவியின் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது ஓர் ஆறுதல். மூன்றாவதாக, வேலிகளைக் காப்போம். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற உயிர்வேலிகளைத் தறித்துவிட்டு மதிலும் தகரமும் போடுகிறோம். மதிலில் புலுனி கூடு கட்டாது. முற்றத்தில் ஒரு நிழல்மரம் நிற்கட்டும். சீமெந்து போடாத ஒரு துண்டு மண் கிடக்கட்டும். நான்காவதாக, குளத்துக்குப் பிள்ளைகள் தனியே போகவிடாமல், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் நீந்தப் பழக்குவோம்.

நாம் போரின் பிள்ளைகளாக வளர்ந்தோம். எமது தாய்தந்தையர் அறிந்திருந்தவற்றில் பாதியை எமக்குத் தர அவர்களுக்குக் காலம் இடம் தரவில்லை. நாம் அறியாததை எமது பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கப் போகிறோம்? எமக்கும் அவர்களுக்கும் நடுவில் இன்று ஒரு அம்மம்மா இருக்கிறார். அவருக்கு எழுபத்துமூன்று வயது. அவரிடம் கேட்டுக்கொள்ள இன்னும் எத்தனை சித்திரை கிடைக்கும் என்று எமக்குத் தெரியாது. ஆகையால் அவரோடு பிள்ளைகள் மட்டும் இருந்து பழகட்டும் என்று விட்டுவிடாமல், நாமும் பக்கத்தில் இருந்து பழகுகிறோம்.

அந்த வடகத்தை ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்தோம். சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவருக்குச் சோற்றோடு பொரித்து வைத்தபோது, "இது கசக்குதே, என்ன இது?" என்று கேட்டார். பதில் சொல்ல நாம் வாயெடுக்கு முன் எமது மகன் சொன்னான்:

"வேப்பம்பூ, மாமா. எங்கட மரத்திலை விழுந்தது. முதல் அது குப்பையெண்டு நினைச்சனாங்கள்."